பழைய பேட்டரி இரண்டு, புதிய பேட்டரி இரண்டு

11-2-2019. சோலார் பேனல் 4, இன்வெர்ட்டர் 1, பேட்டரி 2. ரூ. 1,12,400.
22-6-2021. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முனைகளைத் துடைத்தது. ரூ. 350.
14-3-2024. பேனல் 4, பெரிய இன்வெர்ட்டர் 1, புதிய பேட்டரி 2. பழைய பேட்டரி 2 உடன் இணைத்தது. ரூ. 1,46,800.
6-5-2024. கண் மருத்துவமனை, புதுச்சேரி, முதல் நாள். ரூ. 18,260.
20-5-2024. விசாரணை. செலவு இல்லை.

என் நோட்டில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். ஓர் எண்கூடத் தவறில்லை. அந்த நோட்டை நம்பித் தொழிலை இழந்த ஒருவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். பெயர் கோதண்டபாணி. எலக்ட்ரீஷியன். ஊர் விழுப்புரத்தை அடுத்த காணை.

அப்பா கரும்பு வெட்டும் கூலி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினாறு வயதில் விழுப்புரத்தில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் சேர்ந்தார். கை வேலை நன்றாக வந்தது, எழுத்துதான் வரவில்லை. வயர்மேன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை அவர் மனைவி தையல்நாயகி ஆறு மாதம் தினமும் பாடத்தை வாசித்துக் காட்ட, காதால் கேட்டே படித்துத் தேறினார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. நன்றிக்காகப் புதிதாகத் திறந்த கடைக்கு அவள் பெயரை வைத்தார்: தையல் எலக்ட்ரிகல்ஸ்.

"தொறந்த மொத வாரம் நாலு பொம்பளைங்க ஜாக்கெட் துணியோட வந்துட்டாங்க நைனாரே. ஒரு ஃபேன் ரிப்பேர் வரல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் ஜைனக் குடும்பங்களை இந்தப் பக்கத்தில் நைனார் என்றுதான் அழைப்பார்கள். நான் வீரசேனன். சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் அளவு எடுத்து எழுதுவதே வேலை. ஓய்வுபெற்றபின் திண்டிவனத்தில் வீடு கட்டிக்கொண்டு, வீட்டின் அளவுகளை எழுத ஆரம்பித்தேன்.

கோதண்டபாணிக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்து மெயினைப் போட்டதும், சூடு ஏறுகிறதா என்று இன்வெர்ட்டர் மாட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்து ஐந்து நிமிடம் நிற்பார். அது முடியும்வரை காபி குடிக்க மாட்டார். முதல் தடவை வந்தபோது ஒரு பை நிறைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்து, என் மனைவி ராஜமதியிடம் நீட்டியபின் தயங்கினார்.

"கெழங்கு துன்ன மாட்டீங்கன்னு சொன்னாங்க. இதுவும் மண்ணுக்குள்ளதான் இருக்குது. ஆவுமா அம்மா?"

"இது கொட்டைதானே, ஆவும். அடுத்த தபா வறுத்தே எடுத்துக்கினு வாங்க" என்றாள் அவள். பிறகு ஒவ்வொரு தடவையும் வறுத்தே கொண்டுவந்தார்.

ராஜமதி பொழுது சாய்ந்தபின் தண்ணீரைத் தவிர எதையும் தொட மாட்டாள். 2023 கோடையில் மாலை நான்கு மணிக்குப் போகும் மின்சாரம் ஏழு மணிக்குத்தான் வந்தது. முதல் இரண்டு பேட்டரிகள் விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான் தாங்கும். மோட்டார் ஓடாது, கிரைண்டர் ஓடாது, சமையல் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அந்தக் கோடையில் அவள் இரவுச் சாப்பாடு இல்லாமல் படுத்த நாட்கள் பத்தொன்பது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன். அதைக் காட்டித்தான் கோதண்டபாணியை வரவழைத்தேன். "இன்னும் பேனலும் பேட்டரியும் சேருங்கள், இன்வெர்ட்டரைப் பெரிதாக்குங்கள்" என்றேன்.

பெரிய இன்வெர்ட்டருக்கு நான்கு பேட்டரி வேண்டும். நான்கும் புதிதாக இருக்க வேண்டும் என்றார் அவர். நான் ஹைட்ரோமீட்டரை எடுத்துப் பழைய பேட்டரிகளின் ஆசிட்டை அளந்து காட்டினேன். 1240.

"நன்றாகத்தான் இருக்கிறது பாருங்கள். புதிதாக இரண்டு போதும்."

"ஆசிட்டு அப்பிடித்தான் காட்டும் நைனாரே. அஞ்சு வருசத்துப் பழசு. புதுசோட சேத்துக் கட்டினா பழசு சீக்கிரம் ரொம்பிடும், புதுசுக்கு இன்னும் பசி இருக்கும். சார்ஜிங் நிக்காது. பழசு கொதிக்கும். அப்புறம் ஒரே பேஜாரு."

"உயிர் இருக்கிற பொருளை எடைக்குப் போட எனக்குக் கை வராது. நான் தினமும் அளக்கிறேன். எதுவானாலும் என் பொறுப்பு."

அவர் தலையைச் சொறிந்தார். அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ராஜமதியின் பத்தொன்பது நாட்கள் அவர் மனதில் இருந்திருக்கும்.

"சரி. ஆனா நோட்டுல எழுதிக்கோங்க, நைனாரு சொல்லித்தான் கோதண்டபாணி கட்டினான்னு."

"எழுதுகிறேன்" என்றேன்.

எழுதவில்லை. ஏமாற்றும் எண்ணமில்லை. அளவு, நேரம், தொகை இவற்றைத்தான் எழுதுவேன். பேச்சை எழுதும் வழக்கம் எனக்கு எந்நாளும் கிடையாது. அன்று மாலை 5.10க்கு அவர் கிளம்பினார் என்பதுவரை எழுதியிருக்கிறேன்.

ஐம்பத்து மூன்று நாட்கள் எல்லாம் சரியாக ஓடின. ராஜமதி ஒரு நாளும் பசியோடு படுக்கவில்லை. மே ஆறாம் தேதி மாலை 4.50க்கு, பேட்டரிகள் இருந்த மாடிப்படிக்குக் கீழே விளக்குமாறு எடுக்கக் குனிந்தாள். பழைய பேட்டரிகளில் ஒன்று வெடித்தது. ஆசிட் அவள் வலது கண்ணில் தெறித்தது. இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றினேன். பிறகு புதுச்சேரி. அந்தக் கண்ணில் பார்வை வரவில்லை.

பெங்களூரிலிருந்து வந்த என் மகன் தர்மேஷ் புகார் எழுதிக்கொடுத்தான். மே இருபதாம் தேதி மின் ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். கோதண்டபாணியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் வாசலிலேயே நின்று, "அம்மா எப்பிடிக் கீறாங்க நைனாரே?" என்று கேட்டார். தர்மேஷ் அம்மாவின் அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். அறைக்குள் ராஜமதி கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்தாள்.

"பழசையும் புதுசையும் ஏம்பா ஒண்ணாக் கட்டின? உனக்குத் தெரியாதா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும் சார். வேணாம்னுதான் சொன்னேன். நைனாரு நோட்டுல எல்லாம் இருக்கும் சார். அவரு ஒண்ணு உட மாட்டாரு." பயமே இல்லாத குரல்.

அதிகாரி நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். மார்ச் பதினான்காம் தேதிப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"நீ வேணாம்னு சொன்னதா இதுல ஒண்ணும் இல்லியேப்பா. 'பழைய பேட்டரி இரண்டுடன் இணைத்தது'ன்னு மட்டும்தான் இருக்கு."

கோதண்டபாணி என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். சொன்னால் அவள் கண்ணைப் பறித்தவன் நான் என்று ஆகும், மகன் எதிரில். கையில் இருந்த மருத்துவமனை ரசீதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொகை 18,260. பைசா இல்லை.

கோதண்டபாணியின் குரல் கேட்டது. "நைனாரு நோட்டு தப்பா இருக்காது சார்."

அதிகாரி எழுதிய அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டார். ஜூலை இரண்டாம் தேதி அவருடைய வயர்மேன் சான்றிதழ் ரத்தானது. கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த அதைக் கழற்றி அலுவலகத்தில் ஒப்படைத்தார். ஆகஸ்டில் கடையைக் காலி செய்து, ஓர் அரிசி மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார்.

அந்த டிசம்பர்ப் புயலில் எங்கள் தெருவே நான்கு நாள் இருட்டில் கிடந்தது. மின்சாரம் வந்தபின்னும் எங்கள் வீட்டில் பாதி விளக்கு எரியவில்லை. எனக்குச் சொல்லாமல் ராஜமதியே கோதண்டபாணிக்குப் போன் செய்தாள். அவர் பஸ்ஸில் வந்தார், வண்டியை விற்றுவிட்டிருந்தார். கையில் வறுத்த மல்லாட்டைப் பை. அவள் முகத்தைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அழாதீங்க. ஒரு கண்ணு இருக்குது, போதும். அந்த ஃபியூஸைக் கொஞ்சம் பாருங்க" என்றாள்.

அவர் சுவிட்ச் போர்டு வரை போனார். கை உயர்ந்தது, பிறகு பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

"லைசென்ஸ் இல்லாம நான் தொடக்கூடாது அம்மா. கீழ மெயின் பக்கத்துல ரெண்டாவது ஃபீஸு போயிருக்கும். வேற ஆளக் கூப்பிட்டுக் காட்டுங்க. ஜல்தியா முடிஞ்சிடும்."

என்னிடம், "வர்றேன் நைனாரே" என்றார். அதில் கோபம் இல்லை. காபி குடிக்கவும் இல்லை.

அவர் தெருமுனை திரும்பும்வரை ராஜமதி வாசலில் நின்றாள். பிறகு சொன்னாள்: "அன்னிக்கு அவரு வேணாம்னு சொன்னது அடுப்பங்கரைக்கே கேட்டுது. நீங்க எழுதறேன்னு சொன்னதும் கேட்டுது. ஆறு மாசத்துக்கு மேல ஆவுது. எப்ப வாயத் தொறப்பீங்கன்னு பாத்துக்கினே இருக்கேன்."

"முன்னாலேயே ஏன் கேட்கவில்லை?"

"நீங்களா சொல்லணும்னுதான். போனது என் கண்ணு. நானே மன்னிச்சிருப்பேன்."

மறுநாள் அலுவலகத்துக்கு எழுதினேன். பழைய பேட்டரிகளை வைத்துக்கொள்ளச் சொன்னது நான், அவர் எச்சரித்தார், என் பொறுப்பு என்றேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். ராஜமதியும் கீழே கையெழுத்திட்டாள். இரண்டு மாதம் கழித்து அசல் நோட்டைக் கேட்டுக் கடிதம் வந்தது.

மார்ச் பதினான்காம் தேதிப் பக்கத்தின் அடியில் ஒன்றரை வரி இடம் காலியாக இருக்கிறது. எழுதிய அதே பேனா இன்னும் என்னிடம் உண்டு. ஒரு காலை முழுவதும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். பிறகு, இருந்தபடியே அனுப்பினேன். அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அன்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். இப்போது எழுதியிருந்தாலும் ஒருவேளை பிழைத்திருப்பார். இரண்டு தடவையும் நோட்டைத்தான் காப்பாற்றினேன்.

மேலும் இரண்டு மனுக்கள் போட்டேன். நேரில் இரண்டு முறை போய் நின்றேன். முடிவில் வந்த பதில் நான்கே வரி. உரிமையாளர் முறையாகப் பராமரித்த பதிவேட்டில் அவ்வாறு குறிப்பு ஏதும் இல்லை. காலம் கடந்து கணவனும் மனைவியும் தரும் வாக்குமூலத்தை அதற்கு மேலாக ஏற்பதற்கில்லை. ரத்து உத்தரவு நிலைநிறுத்தப்படுகிறது. இது குறித்து இனிக் கடிதப் போக்குவரத்து இல்லை.

நோட்டையும் அதே உறையில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ராஜமதி வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். காணைக்கு யார் போய்ச் சொல்வது என்று கேட்டாள். நான்தான் என்றேன். இன்னும் போகவில்லை.

கடைசிக் கடிதம் வந்த நாள்: 16-9-2025, செவ்வாய்க்கிழமை.