ஹக்கீம் ராவுத்தர் காலில் பட்ட கல்

தேனிப் பக்கம் கம்பத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் ஹக்கீம் ராவுத்தரைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் வெளியூர்க்காரர் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். குமுளி மலையேறும் லாரிகளுக்கு வாழைத்தார் ஏற்றிவிடும் கூலியாளாக ஆரம்பித்து, அதே லாரிகளைத் தன் மண்டி வாசலில் காத்துக்கிடக்க வைத்த மனிதர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தை விட்டாரே ஒழிய, பள்ளிக்கூடத்து மைதானத்தை விடவில்லை. பூப்பந்து ஆடக் கற்றது அங்கேதான்.

பூப்பந்தை லேசாக நினைக்கக் கூடாது. பக்கத்துக்கு ஐந்து ஆள், கனத்த மட்டை, மஞ்சள் கம்பளிப் பந்து. பின்கோட்டில் நிற்கிற ஆளுக்கு இடுப்பும் காலும் ரப்பராக இருக்க வேண்டும். ஹக்கீம் ராவுத்தர் அந்தப் பின்கோட்டு ஆள். மலைக்காற்றில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அது திரும்புவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். இதைச் சொன்னது கம்பத்துக்காரர்கள் இல்லை, பக்கத்து ஊர் உத்தமபாளையத்துக்காரர்கள். எதிரி வாயால் வாங்கிய பேர் அது.

ஒவ்வொரு நோன்புப் பெருநாளும் சாயங்காலம் இரண்டு ஊருக்கும் ஆட்டம் நடக்கும். தோற்ற பக்கத்துத் தலைவர் வீட்டில் ஜெயித்தவர்களுக்கு விருந்து. உத்தமபாளையத்துத் தலைவர் அமானுல்லா, அங்கே ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் ராவுத்தருடைய மனைவி மெகருன்னிசாவின் கூடப்பிறந்த அண்ணன். அதனால் யார் தோற்றாலும் அந்த அம்மாளுக்கு அண்ணனோடு ஒரு வேளைச் சாப்பாடு உறுதி.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டுப் பெருநாள் மார்கழியை ஒட்டி வந்தது. நோன்பு மாதம் முழுக்க ராவுத்தர் மட்டையைத் தொடவில்லை. காலையில் தொழுகை, மதியம் பிரியாணி, அதன்மேல் ஒரு சின்ன உறக்கம். எழுந்தவர் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் பின்கோட்டில் போய் நின்றார். "கொஞ்ச நேரம் தட்டிப் பாத்துட்டு எறங்குங்கண்ணே" என்று ஒரு பையன் சொன்னான். "தார் தூக்குன ஒடம்புடா இது, தட்டிப் பாக்க என்ன இருக்கு?" என்றார்.

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. தார் தூக்குவதை நிறுத்திப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காலத்துப் பலத்தை எங்கோ பத்திரமாகப் போட்டு வைத்திருப்பதாகவும், கேட்ட நேரம் கைக்கு வந்துவிடும் என்றும் அவர் நம்பினார். கல்லாவில் உட்கார்ந்து தொழில் பார்க்கிற நம்மாட்கள் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கைதான்.

அமானுல்லா ஒரு பந்தைக் கோட்டோரமாக இறக்கினார். ராவுத்தர் பாய்ந்தார். கெண்டைக்கால் சதையில் பட்டென்று ஒரு அடி. கல்லால் எறிந்த மாதிரி. அப்படியே திரும்பி, "ஏலே, எவன்டா கல்லெறிஞ்சது?" என்று கத்திக்கொண்டே விழுந்தார்.

பின்னால் வேடிக்கை பார்த்து நின்றவர்கள் உத்தமபாளையத்து இளவட்டங்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அமானுல்லா வலையைத் தாண்டி ஓடி வந்தார். "மாப்ள, யாரும் எறியல."

"பட்டது எனக்கா ஒங்களுக்கா? ஆளு வச்சு எறியிறீகளா மச்சான்?"

நாலு பேர் மத்தியில் விழுந்த வார்த்தை. அமானுல்லா மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்களோடு வேன் ஏறிப் போனார். அந்த வருஷம் விருந்து இல்லை. மறுநாள் கட்டுப் போட்ட காலைப் பார்க்க ஆப்பிளோடு வந்தவரிடம், "எறிஞ்சவன் பேரு தெரிஞ்சுச்சா?" என்று ராவுத்தர் முதல் கேள்வி கேட்டார். அமானுல்லா பையை அங்கேயே வைத்துவிட்டு, தங்கச்சி கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் இறங்கினார்.

தேனியில் எப்சிபா என்று ஒரு பிசியோதெரபி டாக்டர். சின்ன வயசு, நிதானமான பேச்சு. காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "சதை கிழிஞ்சிருக்குய்யா. கல்லுல்லாம் இல்ல. இது வர்ற எல்லாரும் சொல்றதுதான், கல்லு பட்டுச்சு, பின்னாடி எவனோ எட்டி ஒதைச்சான்னு" என்றாள்.

"எனக்குப் பட்டது கல்லுதாம்மா."

"அப்ப தோல்ல ஒரு சிராய்ப்பாச்சும் இருக்கணுமே?"

"முல்லையாத்துக் கல்லு வழவழன்னுதான் இருக்கும்."

எப்சிபா சிரித்துவிட்டாள். கூட வந்த மெகருன்னிசா சிரிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த அம்மாள் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கால் எப்ப வேணா ஆறட்டும். எங்கண்ணன் எம்வீட்டுச் சோத்துல கை வைக்கணும். அதுக்கு என்ன வழின்னு பாருங்க."

"அடுத்த பெருநாளைக்கு நான் எறங்கி ஆடுறேன். தோக்குறவன் சோறு போடட்டும். வேறென்ன வழி?" என்றார் ராவுத்தர். மன்னிப்பு என்ற சாமான் அவர் மண்டியில் கிடையாது.

ஆட வேண்டுமென்றால் கால் வேண்டும். முதலில் ஐஸ், கட்டு, தலையணைமேல் காலை ஏற்றி வைத்துப் படுக்கை. பள்ளிவாசலில் கடைசி வரிசையில் நாற்காலி. மண்டியில் நூறு பேரை ஏவுகிறவர், அந்த நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் தரையில் நெற்றி வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலியை விட அது அதிகம் குத்தியது.

வீக்கம் வடிந்ததும் எப்சிபா பாடம் தொடங்கினாள். சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல் முன்னே சாய வேண்டும். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்துக் குதிகாலை மெதுவாக ஏற்றி, அதைவிட மெதுவாக இறக்க வேண்டும். "இழுக்கலாம், குத்தக் கூடாது. குத்துனா நிறுத்திருங்க" என்றாள்.

ராவுத்தர் மண்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதை முதல் நாள் பார்த்த சுமைக்காரர் ஒச்சாண்டி, தலையில் தாரோடு அப்படியே நின்றுவிட்டார். "என்ன மொதலாளி, மண்டிய உத்தமபாளையத்துக்குத் தள்ளிட்டுப் போறீகளா?"

"ஒன்னையும் சேத்துத் தள்ளப் போறேன். போய் ஏத்துடா."

வீட்டில் மெகருன்னிசா, "செவரு ஈரமா இருக்கு, பாத்துச் சாயுங்க. செவத்துக்குக் கட்டுப் போட என்னால ஆகாது" என்பார். பேச்சில் கேலிதான். ஆனால் ராவுத்தர் படிக்கட்டில் ஒற்றைக் காலில் நிற்கும்போது, தற்செயலாக நிற்பது போல ஒரு கை தூரத்தில் வந்து நின்றுகொள்வார்.

பங்குனி வாக்கில் வலி சுத்தமாகப் போய்விட்டது. ராவுத்தருக்குப் பழைய திமிர் வந்தது. லாரியில் ஏறித் தார் அடுக்கைப் பார்த்தவர், இறங்கும்போது ஏணியைத் தேடாமல் குதித்தார். அதே இடத்தில் சுள்ளென்று பிடித்தது. இந்தத் தடவை கல்லெறிய அங்கே யாரும் இல்லை. லாரியும் ஒச்சாண்டியும்தான்.

"நான் இல்ல மொதலாளி" என்றார் ஒச்சாண்டி அவசரமாக.

ராவுத்தர் லாரிச் சக்கரத்தின்மேல் கைவைத்து வெகுநேரம் நின்றார். அதே அடி, அதே இடம். மச்சான் ஆப்பிள் பையை வைத்துவிட்டுப் படியிறங்கியது ஞாபகம் வந்தது.

எப்சிபா திட்டவில்லை. "வலி போறது வேற, சதை ஆறுறது வேறய்யா" என்று மட்டும் சொன்னாள். அது ராவுத்தருக்குச் சட்டென்று பிடிபட்டது. வாழைத்தாரை அறையில் அடுக்கிப் பழுக்கப் புகைமூட்டம் போட்டுவிட்டு, பொறுக்காமல் கதவைத் திறந்தால் என்ன ஆகும்? தோல் மஞ்சளாக இருக்கும், உரித்தால் உள்ளே காய். அப்படித் திறந்த எத்தனை வேலைக்காரர்களை அவரே வைதிருக்கிறார்! தன் காலையே அவர் பழுக்கும் முன்பே திறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அவசரப்படவில்லை. ஹக்கீம் ராவுத்தர் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி. விடிந்ததும் வீரப்பநாயக்கன் குளத்துக் கரையில் நடை. பிறகு நடையும் ஓட்டமுமாக. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. தோளுக்கும் இடுப்புக்கும் தனித்தனிப் பயிற்சி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலுக்கு ஓய்வு. அதுவும் பாடத்தில் சேர்ந்ததுதான் என்று எப்சிபா சொல்லியிருந்தாள். ஓய்வு எடுப்பதுதான் அவருக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. மழை தொடங்குவதற்குள் நாற்காலி பள்ளிவாசல் மூலைக்குப் போய்விட்டது. முதல் வரிசையில் காலை மடக்கித் தொழுகை இருப்பில் உட்கார்ந்த அன்று, தொழுகை முடிந்து எழ மனமில்லாமல் கொஞ்சம் கூடுதலாகவே உட்கார்ந்திருந்தார். ஒச்சாண்டிகூட இப்போது லாரி வந்தால் முதலில் இடுப்பை முன்னும் பின்னும் வளைத்துவிட்டுத்தான் சுமையில் கைவைப்பார். கேட்டால், "மொதலாளி தொந்தரவு" என்பார்.

பெருநாள் வந்தது. ஆட்டத்துக்குச் சொல்லி அனுப்பியபோது உத்தமபாளையத்திலிருந்து பதில் வந்திருந்தது: "வர்றோம். கல்லெறியத் தெரியாத ஆளாப் பாத்துக் கூட்டிட்டு வர்றோம்."

கிளம்பும்போது மெகருன்னிசா சொன்னார்: "நீங்க தோத்தா அண்ணன் இங்க வரும். செயிச்சா நாம அங்க போவோம். எதுன்னாலும் எனக்குச் சம்மதம். நடுவுல சண்டை போட்டு வேன் ஏத்தி விட்டீகன்னா, நானும் அந்த வேன்லயே போயிருவேன்."

பிரியாணியை அரை வயிறோடு நிறுத்திவிட்டு, ராவுத்தர் ஆட்டத்துக்கு வெகு முன்னதாகவே மைதானத்துக்குப் போனார். நடந்தார், மெதுவாக ஓடினார், கையைச் சுழற்றினார், பந்தில்லாமல் மட்டையை வீசினார். உடம்பு வேர்த்து இளகிய பிறகுதான் வேன் வந்தது.

அமானுல்லா இறங்கினார். ஐம்பதைத் தாண்டியவர். கண்ணில் உறக்கம், வாயில் பாக்கு. மச்சினர் நிற்கும் பக்கம் பார்க்காமல் வேட்டியை மடித்துக் கட்டி, மட்டையை வாங்கிக்கொண்டு நேராகப் பின்கோட்டுக்கு நடந்தார். மலையிலிருந்து குளிர்காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

ராவுத்தர் மச்சானின் கெண்டைக்காலைப் பார்த்தார். கயிறு மாதிரி முறுக்கி நின்றது. போன வருஷம் தன் கால் எப்படி நின்றிருக்கும் என்று இப்போது கண்ணால் கண்டார். முதல் பத்துப் பந்தில் ஒன்றைக் கோட்டோரமாக இறக்கினால் போதும், ஆட்டம் கம்பத்துக்கு. அப்புறம் மெகருன்னிசாவின் அண்ணன் கட்டோடு படுத்திருப்பார்.

வலையைக் குனிந்து தாண்டினார். "மச்சான், நில்லுங்க."

ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு.

"என்ன, சோதனை போடணுமா?" அமானுல்லா சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். பாக்குப் பொட்டலம் விழுந்தது. "இதத்தான் எறியணும்."

"வந்து செவத்தப் புடிங்க."

"எதுக்கு?"

"புடிங்கன்னா புடிங்க. ஒங்க தங்கச்சி வந்து சொன்னாத்தான் புடிப்பீகளோ?"

இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடச் சுவரில் நிறுத்தினார். தானும் பக்கத்தில் நின்று காலை நீட்டிக் காட்டினார். இரண்டு தலைவர்களும் சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றதைப் பார்த்து, "இப்ப ரெண்டு ஊரும் சேந்து பள்ளிக்கூடத்தக் கடத்துது" என்றார் ஒச்சாண்டி. எல்லோரும் சிரித்தார்கள்.

"யப்பா, இழுக்குது மாப்ள."

"எங்கன?"

"கெண்டைக்கால்ல."

"அங்கனதான்."

"அங்கன என்ன?"

ராவுத்தர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன வருஷம் எனக்குக் கல்லு பட்ட எடம்."

அமானுல்லா தலையைத் திருப்பினார். "எறிஞ்சது யாருன்னு தெரிஞ்சிருச்சா?"

"கல்லு வெளிய இருந்து வரல மச்சான். உள்ளதான் இருந்திருக்கு." பிறகு சத்தமாக, "குதிகாலக் கெளப்பாதீக! தேனி வரைக்கும் போய்ப் படிச்சுட்டு வந்து சொல்றேன்ல?" என்றார்.

அமானுல்லா மறுபேச்சுப் பேசாமல் குதிகாலை இறக்கினார். இரண்டு பேரும் மைதானத்தை மெதுவாகச் சுற்றி வந்தார்கள். ஆட்டம் கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கியது.

உடம்பு இளகிய அமானுல்லாவை அன்றைக்கு யாராலும் நிறுத்த முடியவில்லை. கோட்டோரமாக இறங்கிய பந்தையெல்லாம் எடுத்தார். கம்பம் தோற்றது. ராவுத்தர் கடைசிப் பந்து வரை ஓடினார். கால் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரவு விருந்து கம்பத்தில். தரையில் விரித்த பாயில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ராவுத்தரும் காலை மடக்கி உட்கார்ந்து, கறித்துண்டைப் பொறுக்கி மச்சான் பக்கம் தள்ளினார்.

"இன்னைக்கு ஒங்க அண்ணன் ஆடுனது யாரு ஆட்டம் தெரியுமா?" என்றார் பரிமாறிக்கொண்டிருந்த மனைவியிடம். "நான் செவத்தப் புடிக்கச் சொல்லாட்டி முதப் பந்துலயே படுத்திருப்பாக. கணக்குப்படி பாத்தா செயிச்சது நான்."

"மெகரு," என்றார் அமானுல்லா வாய் நிறையச் சோற்றோடு, "செயிச்ச மாப்ளைக்கு இன்னொரு கரண்டி வை."