யோகராணி மூன்று முறை எழுதிய குறை

கடந்த செவ்வாய் காலை லண்டன் ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் ரயிலுக்குக் காத்து நின்றபோது, பழைய அலுவலக நண்பர் ரவி ஒரு சாவுச் செய்தியோடு அழைத்தார். "யோகராணி மோசம் போயிட்டா. நெஞ்சுநோ எண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவை," என்றார். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவரைத் தெரியும். நாங்கள் எழுதும் மென்பொருளைச் சோதித்துக் குறை சொல்வது அவருடைய வேலை. பலருக்கு அவர்மேல் எரிச்சல் இருந்தது. எனக்குக் கூடுதலாகவே இருந்தது.

2009 தொடக்கத்தில், இல்ஃபோர்டில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்துக்காக, அகதிகளின் வாக்குமூலங்களைப் பதியும் ப்ரோகிராம் ஒன்றை எழுதினேன். படிவத்தை மூடப் போனால், ஓர் எழுத்துக்கூட மாறாவிட்டாலும், "மாற்றங்களைச் சேமிக்கவா?" என்று கேட்கும். யோகராணி இதைக் குறையாக எழுதினார். கேட்பது நல்லதுதானே என்று பதில் எழுதி முடித்துவிட்டேன். மறுபடி எழுதினார், மறுபடியும் அதே பதில். மூன்றாம் முறை எழுதிவிட்டு என் மேசைக்கே வந்தார்.

"சும்மா சும்மா கேட்டா ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். 'இல்லை'யை அமத்திப்போட்டுப் போயிடுவினம்."

"அது அவையின்ர பிழை," என்றேன்.

அடுத்த மாதம் அதுவே நடந்தது. பக்கத்து ஊரான குட்மேய்ஸிலிருந்து வந்த ஒரு பெண், காணாமல் போன தன் கணவரைப் பற்றி ஒரு பிற்பகல் முழுக்கச் சொல்லியிருக்கிறார். தட்டச்சு செய்தவர் பழக்கத்தில் "இல்லை"யை அழுத்திவிட்டார். ஒரு வரியும் மிஞ்சவில்லை. யோகராணி நேரே அந்தச் சட்டத்தரணி அலுவலகத்துக்குப் போனார்.

"திரும்ப முதல்ல இருந்து சொல்லவேணுமோ?" என்று அந்தப் பெண் கேட்டாராம்.

"ஓம் அக்கா. நான் பக்கத்தில இருக்கிறன்."

முதல் நாள் சொன்னதில் பாதிகூட இரண்டாம் முறை வரவில்லை என்று தட்டச்சு செய்தவர் பிறகு சொன்னார்.

படிவம் திறக்கும்போது ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, மூடும்போது இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மட்டும் கேட்கும்படி மாற்றினேன். ஒரே நாள் வேலை. யோகராணி ஓர் எழுத்தைத் தட்டி, அதையே அழித்துவிட்டு மூடினார், ப்ரோகிராம் கேட்கவில்லை. அழிக்காமல் மூடினார், கேட்டது.

"இனிச் சரிதானே?" என்றேன்.

"ப்ரோகிராம் சரி," என்றார், முதல் சொல்லை அழுத்தி.

அந்தப் பெண்ணைப் போய்ப் பாரும் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் போகவில்லை. யோகராணியிடமாவது பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அதையும் தள்ளிப்போட்டேன். இப்போது என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த இரண்டு சொற்கள்தான். யாராவது என் வேலையைச் சரி என்று சொல்லும்போதெல்லாம், அவர் அன்று சொல்லாமல் விட்ட மிச்சம் என் காதில் விழுகிறது.