ஆணியில் தொங்கவிட்ட சாவி

அந்தமானில் ரங்கத் பஜாரில் எனக்குத் தையல் கடை. பக்கத்தில் பாயின் செருப்புக் கடை. நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள் கடைச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். திரும்பி வரக் கப்பல் எப்போது கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. அதற்குள் யாராவது தைத்த ரவிக்கையைக் கேட்டு வந்தால் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே. என் சாவி எப்போதும் பாயிடம்தான் இருக்கும்.

அந்த முறை மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஐரோப்பாவில் எங்கோ ஒருவன் குர்ஆனைக் கொளுத்தினான். அதைக் கேட்டு, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் வேறொரு நாட்டில் கூட்டம் தெருவில் இறங்கியது. அந்த ஐரோப்பிய நாட்டுத் தூதரகத்தின் கதவைப் பிடித்து ஆட்டினார்கள், கொடியை எரித்தார்கள். எங்கள் ஊர் நெட்வொர்க்கின் லட்சணத்துக்கு அந்த வீடியோ இங்கே வந்து சேர்வதற்குள், அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி, மறுநாள் வேலைக்கும் போயிருப்பார்கள். அங்கே முடிந்த பிறகுதான் இங்கே ஆரம்பித்தது.

போனைப் பார்த்த ஒவ்வொருவரும் அடுத்ததாகத் திரும்பிப் பார்த்தது பாயின் கடையை. அவர் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர். பாயோ போர்ட் பிளேயருக்குப் போவதற்கே நாலு முறை யோசிக்கிற மனிதர். கூட்டம் கூடிய அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வியாபாரிகள் சங்கச் செயலாளர் என் கடைக்கு வந்தார்.

"அக்கா, மாஹோல் சரியில்ல, ஊரே ஒரு மாதிரியா இருக்கு. இந்தத் தடவ சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

"ஏன், பாய் என்ன பண்ணாரு?"

"அவரு ஒண்ணும் பண்ணல. வீடியோ பாத்தீங்கல்ல? அவங்க ஆளுங்க எப்படின்னு."

"போன மாசம் உங்க ஆளுங்க குடிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுல மண்டைய ஒடச்சுக்கிட்டாங்க. நான் உங்ககிட்ட வந்து கேட்டேனா?"

"கொஞ்சம் சோச்சிப் பாருங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். யோசிக்க என்ன இருக்கிறது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு நேராகப் பாயிடம் போனேன்.

அவர் கை நீட்டவில்லை.

"வேண்டாக்கா. ஒரு துணி கொறஞ்சாலும் எம்மேலதான் வரும்."

"நான் சொல்வேனா அப்படி?"

"நீங்க சொல்ல மாட்டீங்க." ஒரு செருப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். "வேதத்த எரிச்சது எனக்கும் வலிச்சுது அக்கா. அத வாய் விட்டுச் சொன்னா அந்தக் கூட்டத்தோட சேத்துருவாங்க. சொல்லாட்டியும் சேத்துட்டாங்க."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. சொந்த ஊரில் வலிக்கிறது என்று சொல்லக்கூடப் பயப்பட வேண்டுமா ஒரு மனிதர்?

கிளம்பும் நாள் காலையில் பஜாரே பஸ்ஸுக்காகக் கூடி நின்றது. செயலாளரும் இருந்தார். கடையைப் பூட்டினேன். இரண்டு கடைக்கும் நடுவே, வெளிப்பக்கம் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஓர் ஆணி அடித்தேன். சாவியைச் சிவப்பு நாடாவில் கோத்து அதில் தொங்கவிட்டேன்.

"சாவி இங்கதான் இருக்கும். பாய நம்பாதவங்க எடுத்து வெச்சுக்குங்க. கல்யாணத் துணியெல்லாம் உள்ள இருக்கு. எடுக்கிறவங்கதான் அதுக்குப் பொறுப்பு."

யாரும் நகரவில்லை. செயலாளர் வானத்தில் மழை வருமா என்று பார்த்தார். பாய் தன் கடைக்குள்ளேயே நின்றார். வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர, பஸ்ஸில் ஏறியதும் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. ஊரார் துணி, என் பிழைப்பு, எல்லாம் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் பேத்தியைக் கையில் வாங்கியபோதும் அந்த ஆணி நினைவு விடவில்லை.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் பார்த்தது அதைத்தான். வெறும் ஆணி மட்டும் இருந்தது.

பாய் கடையிலிருந்து வெளியே வந்தார். கழுத்தில் சிவப்பு நாடா, சட்டைக்கு வெளியே நெஞ்சின் மேல் என் சாவி.

"நீங்க பஸ்ல ஏறுனதும் எடுத்துட்டேன் அக்கா. எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க. பாக்கட்டும்னுதான் எடுத்தேன்."