ஐப்பசி வெக்கையும் சிவப்பு மையும்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ற வரவேண்டிய இடத்தில் ர வந்திருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது, வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இலக்கங்களை மட்டும் திருத்தமாக எழுதுவேன்.

நெடுந்தீவில் ஒரு அரசாங்கக் கந்தோர் வளவில் எனக்கு வேலை. கூட்டுவது, தண்ணீர் அள்ளுவது, கடிதக்கட்டைக் கரைக்குக் கொண்டுபோய் லோஞ்சில் ஏற்றுவது. அதோடு, வளவின் நடுவில் நாலு காலில் நிற்கும் வெள்ளைப் பெட்டியும் என் பொறுப்பு. அதற்குள் கிடக்கும் தெர்மோமீற்றரில் இரசம் அன்றைய வெக்கைக்கு எவ்வளவு ஏறியதோ அங்கேயே நின்றுவிடும். பின்னேரம் பார்த்துப் புத்தகத்தில் எழுதி, பிறகு உதறி இறக்க வேண்டும். மாதம் முடிய அதைத் தாளில் பார்த்தெழுதி யாழ்ப்பாணத்துப் பெரிய கந்தோருக்கு அனுப்புவோம்.

ஒரு வருடம் சோளகக் காற்று விழுந்து பல நாளாகியும் மழை கொண்டுவரும் வாடைக்காற்று பிறக்கவில்லை. ஐப்பசி வந்தும் மழை இல்லை. கல்மதிலில் கைவைக்க ஏலாது. ஆடுகள் கந்தோர் விறாந்தையில் ஏறிப் படுத்தன, துரத்த மனம் வரவில்லை. அன்று பின்னேரம் பெட்டியைத் திறந்தேன். பழைய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். முன்னைய எந்த ஐப்பசியிலும் பார்க்க மூன்று பாகை கூடுதலாக இருந்தது.

உதறினால் போய்விடும், பிறகு என் சொல் மட்டும்தான் மிஞ்சும். உதறாமல் படலையடியில் போய் நின்றேன். வேலை முடிந்து சைக்கிளில் வந்த மருத்துவிச்சி அக்காவை மறித்தேன். நானாக ஒருவரை மறித்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"காய்ச்சல் பாக்கிறனீங்கள் தானே அக்கா. இதை ஒருக்கால் பாருங்கோ."

"பெட்டிக்கோ காய்ச்சல்? மருந்து குடுத்தனீரோ?" என்றபடி குனிந்தா. பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவ சொன்ன இலக்கமும் நான் கண்டதும் ஒன்று. நான் புத்தகத்தில் எழுதிய இலக்கத்துக்குப் பக்கத்தில் கையெழுத்து வைத்தா. அதற்குப் பிறகுதான் உதறினேன்.

அடுத்த மாதம் தாள் திரும்பி வந்தது. என் இலக்கத்தைச் சுற்றிச் சிவப்பு மை. 'ஐப்பசியில் இவ்வளவு வராது. திருத்தி அனுப்பவும்.'

"மாத்தினால் உமக்கென்ன நட்டம்? அடம்பிடிச்சால் படிச்ச ஒருத்தனிட்டைப் பெட்டியைக் குடுத்திடுவாங்கள்," என்றார் எங்கள் கிளாக்கர்.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. பெட்டி போனால் கையில் விளக்குமாறு மட்டும்தான்.

"ஏலாது ஐயா. கண்டதைத்தான் எழுதினனான்," என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னேன். தாளின் அடியிலும் அதையே எழுதினேன்.

"கோழி கிளறின மாதிரிக் கிடக்கு," என்று சொல்லி உறையிலிட்டார்.

இரண்டு கிழமையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு உத்தியோகத்தர், சரியென்று சோதித்த வேறொரு தெர்மோமீற்றரோடு வந்து இறங்கினார். அதற்குள் வாடை பிறந்து கடல் கொந்தளித்தது. லோஞ்சில் வழியெல்லாம் சத்தி எடுத்துக் களைத்துக் கதிரையில் சாய்ந்தார். தேத்தண்ணி குடித்துத் தெளிந்ததும் இரண்டு தெர்மோமீற்றரையும் ஒரே வாளித் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே கோட்டில் நின்றன. பிறகு புத்தகத்தைத் திறந்தார்.

"இது ஆற்றை கையெழுத்து?"

"மருத்துவிச்சி ஐயா. எனக்கே என்ரை கண்ணை நம்பேலாமல் கிடந்தது. அதுதான் உதற முந்திக் காட்டினனான்."

அவர் சிவப்பு வட்டத்தைக் குறுக்கே வெட்டித் தன் கையெழுத்தை வைத்தார். "இந்தப் புத்தகத்தை வேறை ஆரிட்டையும் குடுக்காதேங்கோ," என்று கிளாக்கரிடம் சொன்னார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், அங்கே நின்று சிரித்தேன்.

அந்த இலக்கத்தை இன்றுவரை எந்த ஐப்பசியும் தாண்டவில்லை. வெக்கை கூடிய நாட்களில், அதைத் தாண்டிவிடுமோ என்று கொஞ்சம் பயத்தோடுதான் பெட்டியைத் திறப்பேன். நேற்றும் நல்ல வெக்கை. பார்த்தேன், ஒரு பாகை குறைவு. அந்தச் சந்தோசத்தில் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஐப்பசி 9, 1981.