கலெக்டரிடம் ஒரு நாட்டைக் கேட்ட யாஸ்மின்

கோயமுத்தூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாள். பட்டா கேட்டு வருவார்கள், குடிதண்ணீர்க் குழாய் கேட்டு வருவார்கள், குடிகாரப் புருஷனைக் கண்டித்து வைக்கச் சொல்லி வருவார்கள். தொண்ணூற்று நான்காம் வருஷம் ஆவணியில், கோட்டைமேட்டு யாஸ்மின் ஒரு நாட்டை அங்கீகரிக்கச் சொல்லி மனுக் கொடுத்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரித்த வாயில் மண் விழ! அவள் பட்ட பாட்டில் கால்வாசி பட்டிருந்தால் அவர்கள் கலெக்டரோடு நின்றிருக்க மாட்டார்கள், ஐ.நா. சபைக்கே நடந்திருப்பார்கள்.

யாஸ்மினுக்கு அப்போது இருபத்தேழு வயது. அவளுடைய அத்தா அப்துல் முத்தலிப் தையல்காரர். உக்கடத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் அவளுக்கு வேலை. வெளிநாட்டு மாணவர்கள் வீட்டுக்குப் பேச அங்கே வருவார்கள். அப்படி வந்தவன்தான் ஜாமா. சோமாலியாவின் வடக்கே ஹர்கேசா என்ற ஊர், விவசாயம் படிக்க வந்தவன். எண்பத்தெட்டில் அந்த ஊரை அதன் சொந்த அரசாங்கமே குண்டு போட்டுத் தரைமட்டமாக்கியது. அன்றிலிருந்து லைன் கிடைக்கவில்லை. ஆனாலும் தினமும் வந்து நம்பரைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பான். கிடைக்காது, கிடைக்காது என்று சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் யாஸ்மின் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். இரண்டு வருஷத்தில் நிக்காஹ். அத்தா மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் மாப்பிள்ளைக்குத் தானே சட்டை தைத்துக் கொடுத்தார்.

தொண்ணூற்றொன்றில் வடக்கே இருந்தவர்கள், உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று பிரிந்துபோய், சோமாலிலாந்து என்று தனி நாடு அறிவித்தார்கள். அறிவித்தது அவர்கள்தான். ஒப்புக்கொண்டவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. தாயைப் பார்க்கப் போன ஜாமா அங்கேயே விவசாய வேலையில் இறங்கிவிட்டான். வயலெல்லாம் கண்ணிவெடி. வெடி எடுக்க ஆள் அனுப்புங்கள், எங்கள் போலீசுக்குப் பயிற்சி கொடுங்கள், எங்களை ஒரு நாடு என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களுடைய பெரிய மனிதர்கள் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் நடையாய் நடந்தார்கள். போன இடத்திலெல்லாம் பார்க்கலாம் என்று கைகுலுக்கி அனுப்பிவிட்டார்களாம். ஜாமா எழுதுவான். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டுப் புது நாட்டுத் தாளை வாங்கிக்கொண்டதையும் ஒரு கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தான். பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஆடிக் கடைசியில் வந்த கடிதம் அவன் கையெழுத்தில் இல்லை. பக்கத்து நாடான ஜிபூட்டியிலிருந்து ஒரு வியாபாரி எழுதியிருந்தார். ஜாமா வெடியை மிதித்துவிட்டான், இடது கால் முழங்காலோடு போய்விட்டது. எல்லை தாண்டித் தூக்கி வந்து அவர் வீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். புண் தொடைக்கு ஏறுகிறது. இந்தியா கொண்டுபோனால் பிழைப்பான். ஆனால் விசா கேட்ட இடத்தில், இந்தத் தாளைக் கொடுத்த நாடு எங்கள் பட்டியலிலேயே இல்லை என்று திருப்பிவிட்டார்கள். ‘எங்கள் நாட்டை யாராவது ஒப்புக்கொண்டால்தான் என் தாளுக்கு உயிர் வரும்’ என்று ஜாமா சொல்லச் சொல்ல அடியில் எழுதியிருந்தது.

யாஸ்மின் அந்தக் கடிதத்தோடு கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு ஓடினாள். அங்கே வேப்பமரத்தடியில் பதினெட்டு வருஷமாக மனு டைப் அடிப்பவள் மாசாணியம்மாள். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை என்பது அவள் சட்டம். இரண்டு கேட்டால் கிளார்க் இரண்டையும் தள்ளிவிடுவான் என்று பட்டுத் தெரிந்துகொண்டவள். யாஸ்மினோ மூன்று சொன்னாள்: நாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும், வெடி எடுக்க நம் ராணுவத்து ஆட்கள் போக வேண்டும், புருஷனுக்கு விசா வேண்டும்.

“மூணும் ஆகாது கண்ணு. எது முக்கியம்னு நீயே சொல்லு, அதை அடிச்சுப்போடறேன்.”

யாஸ்மின் யோசித்தாள். நாடு கிடைத்தால் தாள் செல்லும், தாள் செல்லுபடியானால் விசா தானாக வரும். அவனே அப்படித்தானே எழுதியிருக்கிறான்? நாட்டைக் கேட்டே அடிக்கச் சொன்னாள்.

மனுவுக்கு முத்திரை விழுந்தது, நம்பரும் விழுந்தது. பிறகு வழக்கப்படி அது கீழே கீழே இறங்கி, ஒருநாள் கிராம அதிகாரி விசாரணைக்கு வீடு தேடி வந்தார். சோமாலிலாந்து எந்தத் தாலூக்காவில் வருகிறது என்று கேட்டார். பாவம், கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவருடைய தாளில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. ஜிபூட்டிக்காரர் போனில் ஜாமாவுக்குக் காய்ச்சல் என்றார், அடுத்த வாரம் பிதற்றல் என்றார். ஆறு திங்கட்கிழமை போனது. யாஸ்மின் கண்ட கண்ட ஆபீசர் காலிலெல்லாம் விழுந்தாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, பைத்தியம் பிடிக்காத குறை.

ஏழாவது திங்கட்கிழமை, தலைமை எழுத்தர் லட்சுமிநாராயணன் அவளுடைய ஃபைலை எடுத்து, அடியில் குத்தியிருந்த வியாபாரியின் கடிதத்தை முழுசாகப் படித்தார். அந்த ஆபீசில் அதைப் படித்த முதல் ஆள் அவர்தான். படித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்கம்மா, ஊட்டுக்காரரு உசுருக்குப் போராடறாருன்னு மனுவுல ஒரு வரி இல்லீங்களே. நாட்டை ஒத்துக்கறதெல்லாம் டெல்லி சமாச்சாரம், நம்ம ஆயுசுல ஆகாது. வைத்தியத்துக்கு அவரை மட்டும் கூட்டியாரணும்னு கேட்டிருந்தா, தாள் இல்லாட்டியும் ஒரு வழி பண்ணியிருக்கலாமுங்க.”

யாஸ்மின் வேப்பமரத்தடிக்கு ஓடினாள். மாசாணியம்மாள் இரண்டாவது மனுவை அடித்தாள். லட்சுமிநாராயணன் அதைத் தானே எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக நின்று கையெழுத்து வாங்கினார். ஒன்பதாம் நாள் டெல்லியிலிருந்து பதில் வந்தது: மனிதாபிமான அடிப்படையில் அனுமதி.

அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பூத்துக்கு ஓடி ஜிபூட்டி நம்பரைப் போட்டாள். முதல் தடவையிலேயே லைன் கிடைத்தது. வியாபாரி அரைகுறை இங்கிலீஷில் சொன்னார். உயிர் போய் நாலு நாள் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அடக்கம் செய்துவிட்டார்கள். கடைசிவரை அவன் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தானாம், இந்தியா எங்களை ஒப்புக்கொண்டதா என்று.

யாஸ்மின் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஜாமாவிடமே பேசுவதுபோலச் சொன்னாள்.

“மனுவுல ஒண்ணுதான் கேக்கலாம்னு சொன்னாங்க. நான் உங்களைக் கேக்காம உங்க நாட்டைக் கேட்டுப்போட்டேனுங்க.”

வியாபாரிக்குத் தமிழ் தெரியாது. ஹலோ, ஹலோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.