கண்ணுக்கு நான் சொன்ன பொருள்

என் கணவர் இருபத்திரண்டு வருடம் ஊட்டி–கூடலூர் பஸ் ஓட்டியவர். அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். அதனால்தானோ என்னவோ, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது அவருக்கே நெடுநாள் தெரியவில்லை. வீட்டில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். தட்டுக்குப் பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். என்ன அவசரம் என்று நான் கடிந்துகொள்வேன்.

நடுவட்டத்தில் ஒரு மழைநாளில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கடையோரமிருந்து சாலையில் இறங்கியிருக்கிறாள். கண்டக்டர் கத்திய பிறகுதான் இவர் பிரேக்கை மிதித்தார். வண்டி அவள் சேலையை உரசி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அதற்கு மேல் ஓட்ட இவர் மறுத்துவிட்டார். வேறு டிரைவர் வரும்வரை, பயணிகள் திட்டத் திட்ட மழையில் நின்றிருக்கிறார். அன்று குன்னூர் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மிணி, அந்தப் புள்ள என் கண்ணுக்குத் தெரியவே இல்ல. இனி நான் வண்டியத் தொடமாட்டேன்" என்றார்.

கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரியில் கிளாக்கோமா என்றார்கள். கண்ணின் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போயிருந்தது. போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தால் மிச்சத்தைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அடுத்த பரிசோதனைக்குக் காத்திருந்தபோது, சுவரிலிருந்த நீளமான ஆங்கிலப் பலகையை என்னைப் படிக்கச் சொன்னார் இவர். நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள். ஆப்தால்மாலஜி, அதாவது கண் மருத்துவம் என்று படித்துச் சொன்னேன். கண்ணுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெயர் என்று கேட்டார். போனில் தேடினேன். பழைய கிரேக்கத்தில் கண்ணுக்கு 'ஆப்தால்மோஸ்' என்று பெயர். முன்பாதி பார்வை, பின்பாதி உள்ளறை என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. அதையே சொன்னேன்.

"உள்ள ஒரு ரூம்பு இருக்குதுன்னா, போயி ஒக்கார ஒரு எடம் இருக்குதுன்னு அர்த்தம்" என்றார்.

அந்த வாரமே பள்ளி நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். கிரேக்கர்களின் மிகப் பழைய காவியங்களிலேயே அந்தச் சொல் இருக்கிறது. முன்பாதி பார்ப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. பின்பாதி எங்கிருந்து வந்தது என்று அறிஞர்களுக்கே தெரியவில்லை. கிரேக்கர்களுக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்களின் மொழியாக இருக்கலாம் என்கிறார்கள். அறை என்பது, அறையைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல்லோடு உள்ள ஓசை ஒற்றுமையால் யாரோ கட்டிய விளக்கம்.

வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் பால்காரரிடம் அந்த அறையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைத் திருத்தவில்லை. டிப்போ நண்பர்கள் வரும்போதெல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறையும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

மூன்றாம் வருடம் மருந்து கைவிட்டது. ஒரு நாள் காலையில் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தவர், "வெளிய பனி மூடியிருக்குதா?" என்று கேட்டார். எதிர்ச்சரிவுத் தேயிலையெல்லாம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லீங்க. நல்லா வெயில் அடிக்குது."

அதோடு அந்தக் கிரேக்கச் சொல்லில் அறை என்பது யாரோ கட்டியது என்ற உண்மையையும் சொல்லிவிட்டேன், இனி எதையும் மறைக்க என்னால் ஆகாது என்பதால்.

"அப்ப அந்தப் பாதிக்கு என்னதான் அர்த்தம்?"

"தெரியலீங்க. ஒருத்தருக்கும் தெரியல."

"சரி, உடு" என்றார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.