பாறையில் ஊற்றிய பூஜைத் தண்ணீர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடமாக நோட்டை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருந்தேன். பத்தாவது வரை படித்தவனுக்கு எழுத்து வராது என்பது வெளியில் சொல்லிக்கொண்ட காரணம். எழுதினால் என் பொய்யும் வெளியே வந்துவிடும் என்பதுதான் உள்ளே இருந்த பயம்.

எங்கள் வீடு செஞ்சியில், மலைக்குப் போகிற சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. கொல்லையில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. மனைவி இருந்தவரை, பூஜையில் இருக்கும் முருகன் வேலுக்கு அபிஷேகம் செய்த தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுவாள். அவள் இறந்த வருடமே துளசியும் பட்டுப்போனது. அந்தத் தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் கொட்டக்கூடாது. அதனால் பாறையின் அடியில் ஊற்றி வந்தேன்.

ஒரே மகள் பெங்களூரில் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். பொங்கலுக்கு வந்தவள் பாறை உச்சியில் படர்ந்திருந்த பாசியைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கவே இல்லை.

“இன்னாம்மா, வெறும் பாசிதானே?”

“வெறும் பாசியா? வெயில்ல கருகி மாசக்கணக்கா கெடக்கும் நைனா. ஒரு மழை பெஞ்சா எழுந்துக்கும். ஆதியில செடிங்களோட முன்னோருங்க தண்ணியிலதான் இருந்துச்சுங்க. தரைக்கு வந்தப்போ வெயிலு, வறட்சி எல்லாம் புதுசு. மண்ணுல முன்னாடியே இருந்த நுண்ணுயிருங்க கிட்டேர்ந்து சில மரபணுங்க இதுங்களுக்குள்ள வந்து சேர்ந்துச்சு. வறட்சியைத் தாங்கறதுக்கு அதுவும் ஒரு பலம். அப்பறம் தலைமுறை தலைமுறையா எறங்கி வருது.”

“பெத்தவங்க குடுக்காம, கண்ணுக்குத் தெரியாத கிருமி குடுத்த சொத்தா?”

“ஆமா. கூட இருந்ததுங்க குடுத்தது.”

“குடுக்கச் சொன்னது சாமியாத்தான் இருக்கும்.”

“சரி, சாமியையே என் புரொபசரா வெச்சிக்கறேன் போ,” என்று சிரித்தாள்.

காய்கிறபோது அந்த மரபணுக்களில் எது எது வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் அவள் படிப்பு. பாசியைச் சுற்றி வெள்ளைப் பெயிண்டில் ஒரு கட்டம் போட்டாள். கோடை மழைக்கு மறைக்க ஒரு தகரத்தையும் என்னிடம் கொடுத்தாள். “நான் வந்து எடுக்கற வரைக்கும் இதுமேல சொட்டுத் தண்ணி படக்கூடாது நைனா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போட்டோ அனுப்பு,” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

சித்திரையில் பாசி சுருண்டு, கருகி, தொட்டால் உதிர்கிற மாதிரி ஆகிவிட்டது. மனைவியின் திதி அன்று பூஜை முடித்துச் சொம்போடு கொல்லைக்குப் போனேன். வீட்டில் பேச ஆள் இல்லை. ஒரு உயிர் கண்ணெதிரே தாகத்தில் கிடக்க, சாமி தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது பாவமாகப் பட்டது. பாசிமேல் ஊற்றிவிட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிந்து பச்சையானது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் எனக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான். மறுநாளும் ஊற்றினேன். அதற்கு மறுநாளும்.

மகளுக்கு மட்டும் பழைய படங்களையே திரும்பத் திரும்ப அனுப்பினேன்.

பால் ஊற்றுகிற அம்மா ஒரு நாள் கொல்லைப் பக்கம் வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “இன்னாண்ணா இது, ஊரே எரியுது, இங்க மட்டும் பச்சையா இருக்குது! முருகன் தீர்த்தம்ணா!” அந்த வாரமே பாறையில் குங்குமம் ஏறியது.

மகள் வருவதற்குப் பத்து நாள் முன்பு ஊற்றுவதை நிறுத்தினேன். பாசி மறுபடியும் காய்ந்தது. குங்குமத்தைப் பார்த்து, “இது இன்னா புது வேண்டுதல்?” என்று கேலி செய்துகொண்டே, பாசியைச் சுரண்டிக் காகித உறையில் போட்டு எடுத்துப் போனாள்.

நான்கு மாதம் கழித்து போன் வந்தது. “நைனா, மத்த ஊரு பாசி எல்லாம் ஒரே மாதிரி சொல்லுது. நம்ம வீட்டுது மட்டும் வேற மாதிரி இருக்குது. தண்ணி ஏதாவது பட்டுச்சா?”

“இல்லம்மா.”

அவள் என்னை நம்பினாள். தன் கையில்தான் தப்பு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். போனில் அவள் குரல் வாரத்துக்கு வாரம் இளைத்தது. ஒரு கார்த்திகை தீபத்தன்று, விளக்கு ஏற்றிவிட்டுச் சாமி முகத்தைப் பார்க்க முடியாமல், அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.



“ஒரு வருஷம் நைனா.”

“செத்துடுமோன்னு நெனச்சேம்மா.”

“அது சாவாது நைனா. ஏன் சாவலைன்னுதான் நான் படிக்கிறதே.”

அவள் திட்டவில்லை. இப்போது தளவானூர்ப் பக்கம் ஒரு பாறையில் கட்டம் போட்டிருக்கிறாள். வந்தால் அங்கே போய்விட்டு அப்படியே பஸ் ஏறுகிறாள். சாப்பிட்டியா என்று போனில் கேட்கத் தவறுவதில்லை.

பால்கார அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். “போங்கண்ணா, அடக்கமா பேசுறீங்க,” என்று பாறையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஊரில் இது அற்புதமாகவே நடமாடுகிறது. அந்தக் கதையில் என் மகள் இல்லை, அவள் இழந்த வருடம் இல்லை, என் பொய்யும் இல்லை.

படிக்கிற நீங்கள் யாரிடமாவது சொல்வதானால், நடந்தபடியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க வேண்டாம். முருகன் பெயரைச் சொல்லி அற்புதமாக்க வேண்டாம். பாசி தன் பலத்தில்தான் பிழைத்தது. மகள் கேட்டபோது நான் சொன்ன ‘இல்லம்மா’ என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.